எடிட்டர் மக்கர் செய்யும் நாளில் எது கைகொடுக்கும்?

"அக்கா, எந்த எடிட்டர் போடட்டும்?" என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் நாளே கேட்டான். நிரலும் உரையும் எழுதித் திருத்தும் மென்பொருளைத்தான் எடிட்டர் என்கிறோம். அவனிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். நாங்கள் செய்வது பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் வேலை. பைதான் நிரல்கள் கொஞ்சம், தமிழ் உரைக்கோப்புகள் மலையளவு. ஏற்கெனவே இருக்கும் நான்கு பேரில் ஒருவர் விஎஸ் கோட், ஒருவர் நியோவிம், இன்னொருவர் பகலில் ஜாவா வேலை பார்ப்பதால் இன்டெலிஜே. நான் பைதானுக்கு விஎஸ் கோடும் உரைக்கு ஈமாக்ஸும் வைத்திருக்கிறேன். ஆளாளுக்குத் தன்னுடையதைச் சொல்ல, அவன் குழம்பிப்போய் என்னிடம் வந்து நின்றான்.

நல்ல நாளில் எல்லா எடிட்டரும் ஒன்றுதான். நிரலுக்கு வண்ணம் பூசும், பாதி அடித்தால் மீதியை நிரப்பும், மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்-டோடு பேசும். வித்தியாசம் தெரிவது கெட்ட நாளில்தான். மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும், விசையை அழுத்தினால் எழுத்து ஒரு விநாடி கழித்து வருகிறது, எதனால் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் பழுது எங்கே என்பதை எந்த எடிட்டர் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்? இது என் முதல் கேள்வி. கடையில் கிடைக்காத, நமக்கு மட்டுமே வேண்டிய ஒரு சின்ன வசதியை அதில் சேர்க்க எவ்வளவு பாடுபட வேண்டும்? இது இரண்டாவது. இந்த இரண்டையும் வைத்துத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

நமக்கு மட்டுமே வேண்டிய வசதி என்றால் என்ன?

'கௌரவம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'கௌ'வை, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் மூன்று விதமாக அடித்துவிட முடியும். ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி ஒரே குறியாக வருவது முறையான வடிவம். ஒற்றைக்கொம்பும் வலப்பக்க நீட்டல் குறியும் தனித்தனியாக வருவது இரண்டாவது வடிவம். அதையும் முதலாவதற்குச் சமம் என்றே யூனிகோட் ஏற்கிறது. மூன்றாவது, ஒற்றைக்கொம்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே அடித்துவைப்பது. இது பிழை. ஆனால் பெரும்பாலான எழுத்துருக்களில் மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்குப் பிடிபடாது. வாசகர் 'கௌரவம்' என்று தேடினால் மின்னூலில் அந்தச் சொல் இல்லை என்று வரும். பார்வையற்றவர்களுக்கான வாசிப்பு மென்பொருள் அதை 'கெ-ள-ர-வ-ம்' என்று படிக்கும்.

யூனிகோட் வடிவங்களைச் சீராக்கும் நிரலை ஓட்டினால் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும், மூன்றாவது அப்படியே நிற்கும். அதற்கு அது ஔகாரமே இல்லை, எகரமும் ளகரமும்தான். ஆகவே நாமே ஒரு விதி எழுதியாக வேண்டும். ஒற்றைக்கொம்பை அடுத்து வரும் ளகரத்தின்மேல் ஒரு குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம்: தெளிவு, வெள்ளம், நெளிவு. குறியின்றி மொட்டையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும்: கெளரவம், மெளனம், பெளர்ணமி, வெளவால். சொல்லின் முதலில் 'ஔ'வுக்குப் பதில் 'ஒள' என்று அடித்திருப்பதற்கும் இதே விதிதான். ஔவையார் பாதி நூல்களில் 'ஒளவையார்' ஆகத்தான் கிடக்கிறார். சந்தேகமான இடத்தை எடிட்டர் அலைக்கோடிட்டுக் காட்டினால் போதும். தானாக மாற்றிவிடக் கூடாது, பழைய நூலில் நாம் அறியாத சொல் எப்போது வரும் என்று யார் கண்டார்?

இந்தக் குட்டி விதியைத்தான் ஒவ்வொரு எடிட்டருக்கும் உரைகல்லாக வைத்துப் பார்த்தேன்.

முதலில், குற்றம் எடிட்டருடையதுதானா?

எந்த எடிட்டரை எடுத்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். "எடிட்டர் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்த முறையீடுகளில் பெரும்பாலானவற்றில் எடிட்டருக்கு ஒரு பங்கும் இல்லை. அதே கட்டளையை எடிட்டருக்கு வெளியே ஒரு வெறும் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்து ஓட்டும் சாளரத்தில், ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் பிழை வந்தால் எடிட்டரை விட்டுவிடலாம்.

தமிழ்க் கோப்போடு வேலை செய்பவர்கள் விண்டோஸில் முதலில் இடறும் கல் ஒன்று உண்டு. பைதானில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) எது என்று சொல்லாவிட்டால், பழைய பதிப்புகள் விண்டோஸின் வட்டாரக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் கண்டதும் 'சார்மேப்' என்று தொடங்கும் பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும். கோப்பைத் திறக்கும் வரியில் யூனிகோடின் குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுவதுதான் நிரந்தரத் தீர்வு. பைதான் 3.15 முதல் அதுவே இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் எல்லோருடைய கணினியிலும் புதுப் பதிப்பு வந்து சேரும்வரை எழுதிவைப்பதே பாதுகாப்பு. பைதான் நிறுவாத விண்டோஸில் அதன் பெயரை அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்வதும் புதியவர்களை அலைக்கழிக்கும் விஷயம்தான். அதுவும் எடிட்டரின் கோளாறு இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை. மேக் கணினியில் இது அடிக்கடி நடக்கும். ஐகானைச் சொடுக்கித் திறக்கும் செயலிக்கு, டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில், எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதிவைத்த பாதைகள் தெரியாது. விஎஸ் கோட் பின்னணியில் ஒரு ஷெல்லை ஓட்டி அந்தப் பாதைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். உங்கள் தொடக்கக் கோப்பு இழுத்தடித்தால் அதுவும் கைவிரித்துவிடும். ஈமாக்ஸில் இதற்கென்றே ஒரு பொதி, அதாவது கூடுதலாகச் சேர்க்கும் நிரல், இருக்கிறது. டெர்மினலுக்குள்ளேயே வாழும் நியோவிமுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அதன் பெரிய நிம்மதிகளில் இது ஒன்று.

விஎஸ் கோட்: குற்றவாளியைப் பாதி பாதியாகத் தேடுவது

2015இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய இந்த எடிட்டரின் அமைப்பில் ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதிக்காக எடிட்டரில் சேர்க்கும் சிறு நிரல்கள், எடிட்டரின் திரையோடு சேர்ந்து ஓடுவதில்லை, தனியாக ஒரு செயல்முறையில் ஓடுகின்றன. ஒரு எக்ஸ்டென்ஷன் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டாலும் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டே இருக்கலாம், கோப்பைச் சேமிக்கலாம். அந்தச் செயல்முறையை மட்டும் மறுபடி தொடங்கவும் கட்டளை உண்டு.

பழுது வந்தால் மூன்று படி. எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் திறந்து பார்ப்பது முதல் படி. அப்போது சரியாக இருந்தால், கட்டளைப் பலகையில் எக்ஸ்டென்ஷன் பிசெக்ட் என்று இருப்பதைத் தொடங்குவது இரண்டாவது. அது பாதி எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு "இப்போது எப்படி?" என்று கேட்கும். நன்றாக இருக்கிறதா, இன்னும் கோளாறா என்று நீங்கள் சொல்லச் சொல்ல, சந்தேகப் பட்டியல் பாதி பாதியாகக் குறையும். 37 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் அதிகம் போனால் 6 சுற்று. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பவர் 37 முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல். எது தொடங்க எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்பது அதில் இருக்கும். அங்கிருந்தே சில விநாடிகளுக்கு அளவெடுத்து, நேரத்தை யார் தின்கிறார் என்றும் பார்க்கலாம்.

பிசெக்டை முழுசாக நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். தமிழ்க் கோப்புகளில் மட்டும் தட்டச்சு இழுத்தது. பிசெக்ட் சுட்டிக்காட்டியது விம் என்ற பழைய எடிட்டரின் விசைகளைப் போலச் செய்யும் ஒரு எக்ஸ்டென்ஷனை. அதை நீக்கியதும் எழுத்து சரளமாக வந்தது. ஆனால் பைதான் கோப்பில் அது இருந்தும் ஏன் இழுக்கவில்லை என்ற கேள்வி விடவில்லை. அளவெடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உண்மையில் இரண்டு பேர் கூட்டு. ஆங்கில எழுத்துப்பிழை பார்க்கும் வேறொரு எக்ஸ்டென்ஷன், தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் தவறு என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விசைக்கும் கோப்பு முழுவதையும் மறுபடி அலசிக்கொண்டிருந்தது. விம் விசைகளைப் பாவனை செய்வது, அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த எக்ஸ்டென்ஷன் செயல்முறைக்கு அனுப்பித்தான் திரும்ப வாங்கும். அங்கே மற்றவர் மும்முரமாக இருந்ததால் எழுத்து வரிசையில் காத்துக் கிடந்தது. தனித்தனியாக இருவரும் நிரபராதிகள். பிசெக்ட் குற்றவாளி ஒருவர்தான் என்று எண்ணித் தேடுகிறது. கூட்டுச்சதி என்றால் ஒருவரை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதனால் பிசெக்ட் சொன்ன பெயரை அளவெடுத்து உறுதி செய்த பிறகுதான் இப்போதெல்லாம் எதையும் நீக்குகிறேன். அன்று நான் நீக்கியிருக்க வேண்டியது எழுத்துப்பிழை பார்ப்பவரை, அதுவும் தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும்.

விரிவாக்குவது எளிது. டைப்ஸ்கிரிப்டில் ஒரு வார்ப்புரு உருவாக்கித் தரும் கருவி இருக்கிறது. எஃப்5 விசையை அழுத்தினால் உங்கள் எக்ஸ்டென்ஷன் ஏற்றிய இன்னொரு சாளரம் திறக்கும், நிறுத்தப் புள்ளி வைத்துப் பார்க்கலாம். ஔகார விதியை இப்படி எழுத எனக்கு ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது. முடித்ததை ஒரே கோப்பாகக் கட்டி நண்பருக்கு அனுப்பலாம், சந்தையில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. எடிட்டரின் முகத்தை இஷ்டப்படி மாற்ற எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த வேலி இருப்பதால்தான் அடிக்கடி புதுப் பதிப்பு வந்தும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் உடையாமல் நிற்கின்றன.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் கட்டற்றது, ஆனால் மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவுகோப்பு அப்படியில்லை. மூலநிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன் சந்தையை அதில் பயன்படுத்த விதிகள் இடம் தருவதில்லை. எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் சந்தைதான் அதற்கு. பைதானுக்கான மைக்ரோசாஃப்டின் பைலான்ஸ் போன்ற சில எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வராது. எங்கள் வேலைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஈமாக்ஸ்: எல்லாக் கதவும் திறந்த வீடு

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு ஈமாக்ஸை வெளியிட்டது 1985இல். நாற்பது வயதான கருவி என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு எழுத்தின்மேல் கர்சரை வைத்து 'இது என்ன?' என்று கேட்டால், குறியெண் எது, யூனிகோடில் அதன் பெயர் என்ன, எந்த எழுத்துருவிலிருந்து வந்தது, பக்கத்துக் குறியோடு எப்படிச் சேர்ந்தது என்று முழு விவரமும் தரும். வேறு எந்த எடிட்டரிலும் எதையும் கூடுதலாகப் போடாமல் இவ்வளவு கிடைத்ததில்லை. 'கெளரவம்' என்பதிலுள்ள கள்ளத்தை நான் முதன்முதலில் கண்டுபிடித்தது இப்படித்தான். 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளையும் குறிகளையும் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் வரைவும் சுத்தமாக இருக்கிறது.

பழுது பார்ப்பதிலும் இதே திறந்த மனசு. எந்த விசையை அழுத்தினால் எந்தச் சார்பு (நிரலின் ஒரு துண்டு) ஓடுகிறது என்று கேட்கலாம், அங்கிருந்தே அதன் மூலநிரலுக்குப் போகலாம், அங்கேயே திருத்தி ஓட்டியும் பார்க்கலாம். எடிட்டரை மூடித் திறக்க வேண்டியதில்லை. உங்கள் அமைப்புக் கோப்பு எதையும் ஏற்றாமல் திறக்க ஒரு கட்டளை. அமைப்புக் கோப்பின் எந்த வரியில் உடைந்தது என்று காட்ட இன்னொரு கட்டளை. பாதி பாதியாகத் தேடும் வேலையை பக் ஹன்டர் என்ற பொதி செய்துதரும்.

ஆனால் எல்லாக் கதவும் திறந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் அடுப்படிவரை போகலாம். எந்தப் பொதியும் எந்தச் சார்பையும் மாற்றி எழுதலாம், தடுக்க வேலி கிடையாது. பெரும்பாலான வேலை ஒரே இழையில், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால், ஒரு பொதி முரண்டு பிடித்தால் எடிட்டரே உறைந்து நிற்கும். மிக நீளமான வரிகள் உள்ள கோப்பில் நெடுங்காலம் திணறிக்கொண்டிருந்தது. 2023இல் வந்த 29ஆம் பதிப்பு அதை வெகுவாகச் சரிசெய்தது.

ஔகார விதியை ஈமாக்ஸ் லிஸ்ப்பில் எழுதியபோது பத்துப் பதினைந்து வரிதான் ஆனது. எழுதினேன், ஓட்டினேன், எதிரிலிருந்த கோப்பிலேயே வண்ணம் விழுந்தது. ஆனால் லிஸ்ப்பின் அடைப்புக்குறிகளுக்கு எனக்குக் கை பழக ஒரு வருடம் பிடித்திருந்தது. வந்த முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டிய தம்பிக்கு அந்த ஒரு வருடத்தை நான் எப்படிப் பரிந்துரைக்க முடியும்?

நியோவிம்: வேகம் உண்டு, தமிழில்தான் தயக்கம்

விம்மைப் பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டார். அதிலிருந்து 2014இல் கிளைத்தது நியோவிம். 8 ஜிபி லேப்டாப்பில் இதைவிடச் சுறுசுறுப்பான எடிட்டரைப் பார்க்க முடியாது. செக்ஹெல்த் என்ற கட்டளை ஒரு மருத்துவப் பரிசோதனை அறிக்கை மாதிரி: எந்தக் கருவி இருக்கிறது, எது இல்லை, எதற்கு எந்தப் பாதை என்று வரிசையாகச் சொல்லும். ஒரு விசைக்கு இந்த வேலையைக் கொடுத்தது எந்தக் கோப்பு, எந்த வரி என்றும் கேட்கலாம். தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு இணையில்லை.

தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல். டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள், ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வருகிறது, அகலமும் வேறு. பல டெர்மினல்களில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கர்சர் ஓரிடத்தில் தெரியும், திருத்தம் வேறிடத்தில் விழும். இதை நியோவிமில் தேடிப் பயனில்லை, பழுது டெர்மினலில். நிரல் எழுத மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கத் தமிழ் உரையோடு மல்லுக்கட்டுபவருக்கு இது கண்ணைக் கெடுக்கும்.

லுவா மொழியில் விரிவாக்கலாம். அழகான சின்ன மொழி. ஒரு பள்ளம் மட்டும் உண்டு. லுவாவுக்கு உரை என்பது பைட்டுகளின் வரிசை, வழக்கமான தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8இல் 3 பைட். உயிர்க்குறிகளையெல்லாம் ஒரு சதுர அடைப்புக்குள் போட்டு 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்று லுவாவின் தேடல் பாங்கில் எழுதினால், அது எழுத்துகளைத் தேடாது, அவற்றின் துண்டு பைட்டுகளைத் தேடும். சம்பந்தமில்லாத எழுத்துகள் சிக்கும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு நாள் இதில் தலையை உடைத்துக்கொண்டார். விம்மின் சொந்தத் தேடல் பாங்கு யூனிகோட் அறிந்தது, அதைப் பயன்படுத்தினால் தப்பிக்கலாம்.

எக்லிப்ஸும் இன்டெலிஜேயும்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஜாவாவோ ஆண்ட்ராய்டோ காரணமாக இருக்கும். அப்படியானால் யோசிக்கத் தேவையில்லை, அங்கேயே இருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே இன்டெலிஜேயின் மேல் கட்டியதுதான்.

எக்லிப்ஸ் 2001இல் ஐபிஎம் பொதுவில் வைத்தது. அதில் பழுது என்றால் நேராகப் பணிவெளிக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் மெட்டாடேட்டா பதிவேட்டைத் திறங்கள். என்ன நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். புதிய பணிவெளி ஒன்றை உருவாக்கி அதில் அதே திட்டத்தைத் திறந்து பார்த்தால், குற்றம் எக்லிப்ஸிலா பழைய பணிவெளியிலா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்டெலிஜேயில் பெரும்பாலும், நிரலில் எது எங்கே என்று தேட அது கட்டிவைக்கும் அட்டவணை கெட்டுப்போவதுதான் காரணம்; அதை அழித்து மறுபடி கட்டச் சொன்னால் தீரும், பெரிய திட்டம் என்றால் அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். எடிட்டர் உறைந்தால் அந்த நேரத்தில் எந்த இழை எங்கே நின்றது என்று தானாகவே எழுதிவைக்கும். நான் மிகவும் மதிக்கும் வசதி இது.

இவற்றுக்கு விரிவாக்கம் எழுதுவது கல்யாணத்துக்குச் சமைப்பது போல. பத்து வரி விதிக்கு அறிவிப்புக் கோப்பு, கட்டுமானக் கருவி, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை என்ற வரம்பு எல்லாம் வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றின் உள்கருவிக்கு அந்த உழைப்பு தகும். எங்களுக்குத் தகாது. நினைவகமும் தாராளமாக வேண்டும்.

விதியை எங்கே வைப்பது?

நான்கு எடிட்டருக்கும் நான்கு மொழியில் ஒரே விதியை எழுதியிருந்தால் நாங்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருப்போம். 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோட்என்வி மூன்றும் சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை இங்கேதான் கைகொடுத்தது. விதி சர்வர் என்ற தனி நிரலாக ஓடும். எடிட்டர் கோப்பின் உரையை அதற்கு அனுப்பும். அது 'இந்த வரியில் இந்த இடத்தில் சந்தேகம்' என்று பதில் தரும். நியோவிமில் 0.5ஆம் பதிப்பிலிருந்து இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஈமாக்ஸில் 29இலிருந்து எக்லாட் என்ற பெயரில் சேர்ந்தே வருகிறது. இன்டெலிஜேக்கு ரெட் ஹேட்டின் கட்டற்ற செருகுநிரல் உண்டு. விஎஸ் கோடுக்குச் சர்வரைத் தொடங்கிவைக்கும் சிறு எக்ஸ்டென்ஷன் ஒன்று போதும். சர்வரைப் பைதானிலேயே பைஜிஎல்எஸ் நூலகம் கொண்டு எழுதினோம்.

பழுது பார்ப்பதும் இதனால் எளிதாயிற்று. எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்வதை நான்கு எடிட்டர்களிலும் பதிவாகப் பார்க்கலாம். சர்வர் சரியான இடத்தைச் சொல்லியும் கோடு தவறாக விழுந்தால் பிழை எடிட்டர் பக்கம், சர்வரே தவறாகச் சொன்னால் பிழை நம் பக்கம்.

நம் பக்கமும் ஒரு பிழை வந்தது. பழைய கணக்கேடு ஒன்றைச் சரிபார்த்தபோது சில வரிகளில் அலைக்கோடு ஓர் எழுத்து முன்னாலேயே விழுந்தது. முந்திரி, மாகாணி முதலிய பின்னங்களின் குறிகள் வந்த வரிகள் அவை. வழக்கமான தமிழ் எழுத்துகள் யூனிகோடின் முதல் தளத்தில் இருக்கின்றன. இந்தப் பின்னக்குறிகளும் பிறவுமாக 51 குறிகள் 2019இல் தமிழ் கூடுதல் பகுதியாக வேறொரு தளத்தில் சேர்ந்தன. நெறிமுறை இயல்பாக யூடிஎஃப்-16 என்ற இன்னொரு குறியாக்கத்தின் அலகுகளில் இடத்தை எண்ணுகிறது. அதில் வழக்கமான எழுத்துக்கு ஒரு அலகு, பின்னக்குறிக்கு இரண்டு. எங்கள் நிரலோ எல்லாவற்றையும் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையை மாற்றும் வசதி நூலகத்திலேயே இருந்தது, நாங்கள்தான் அதைக் கூப்பிடவில்லை. தமிழில் வேலை செய்யும் எந்தச் சர்வருக்கும் சோதனைக் கோப்பில் ஒரு மாகாணிக் குறியைப் போட்டுவையுங்கள்.

தம்பிக்குச் சொன்னது

விஎஸ்கோடியம் போடச் சொன்னேன். பழுதை அவனே பாதி பாதியாகத் தேடிப் பிடிக்கலாம், ஒரு எக்ஸ்டென்ஷன் சண்டித்தனம் செய்தாலும் எழுதியது போகாது, தமிழ் ஒழுங்காகத் தெரியும். எக்ஸ்டென்ஷன் பத்துக்கு மேல் போக வேண்டாம் என்றும், வாரம் ஒருமுறை எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பட்டியலைப் பார்க்கும்படியும் சொன்னேன். எல்லோரும் ஒரே சூழலில் இருக்க டாக்கர் கன்டெய்னரும் ஒரு வழிதான், ஆனால் 8 ஜிபியில் உலாவியும் எடிட்டரும் அதுவும் சேர்ந்தால் மூச்சு முட்டும். அவன் ராமைக் கூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். நியோவிம் வைத்திருப்பவர் நிரலுக்கு அதையே வைத்துக்கொள்ளட்டும், மெய்ப்புக்கு மட்டும் வேறொன்றைத் திறக்கட்டும். நான் ஈமாக்ஸை விடப்போவதில்லை. எழுத்தின்மேல் கர்சரை வைத்துக் கேட்கும் அந்த ஒரு கேள்விக்காகவே.

அவனுக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை, சர்வரில் இரண்டாவது விதியைச் சேர்ப்பது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் இரண்டு வேறு. ஒரே நூலுக்குள் இரண்டும் கலந்திருந்தால் மட்டும் கோடு விழ வேண்டும், ஒரே மாதிரி இருந்தால் எதுவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஒரு கோப்பை மட்டும் பார்த்தால் இதைத் தீர்மானிக்க முடியாது, நூலின் எல்லா அத்தியாயங்களையும் சர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டும். எப்படி என்று யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறான்.